அப்பா கடை க்யூஆர்ல உங்க அக்கவுன்ட்டா? இந்த வாரமே மாத்துங்க



"தம்பி, 85 ரூபா வந்துச்சா பாரு."

காலையில 11 மணி மீட்டிங்ல இருப்பேன். போன் அதிரும். எடுக்கலைன்னா அங்க ஒரு கஸ்டமர் கையில பால் பாக்கெட்டும் முட்டையும் வெச்சுக்கிட்டு நிப்பார். மியூட் போட்டு, நோட்டிஃபிகேஷன் பார்த்து, "வந்துடுச்சுப்பா"ன்னு சொல்லணும். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது இது நடக்கும்.

எங்க அப்பா புதுச்சேரி முத்தியால்பேட்டையில சின்ன மளிகைக் கடை வெச்சிருக்கார். நான் சென்னையில வேலை பார்க்கிறேன். 2020 லாக்டவுன்ல வீட்டுல இருந்தப்ப, ஜனங்க ரூபா நோட்டைத் தொடவே பயந்தாங்க. வர்றவங்க எல்லாம் "ஜிபே இருக்கா?"ன்னு கேட்டாங்க. அப்பாகிட்ட இருந்தது பட்டன் போன். அதனால என் சம்பள அக்கவுன்ட்டோட க்யூஆரை பிரின்ட் எடுத்து, செல்லோ டேப் போட்டு, கல்லாப்பெட்டி மேல ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. "அப்பா கடையை டிஜிட்டல் ஆக்கியாச்சு"ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேற.

அந்தப் பத்து நிமிஷம் என்னை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. ஏன்னா போன வீடியோவோட கமென்ட்ல மட்டும் நிறைய பேர் "எங்க வீட்டுலயும் இதே கதைதான் ப்ரோ"ன்னு எழுதியிருந்தீங்க. அப்பா டீக்கடை, அம்மா டெய்லரிங், சித்தப்பா ஃபேன்சி ஸ்டோர், க்யூஆர் மட்டும் சம்பளம் வாங்குற பிள்ளை பேருல.

ஒரு மாசம் சம்பளம் நின்ன கதை

ஒரு மாசம் அஞ்சாம் தேதி. பைக் லோன் இஎம்ஐ பவுன்ஸ்னு மெசேஜ் வந்துச்சு. சம்பளம் நாலு நாள் முன்னாடிதான் வந்திருந்துச்சு. ஆப் திறந்தா பணம் இருக்கு, எடுக்க முடியலை. பேங்க்குக்கு போன் பண்ணினா, "உங்க அக்கவுன்ட் டெபிட் ஃப்ரீஸ்ல இருக்கு சார், சைபர் கிரைம் புகார்"னு பதில்.

விஷயம் இதுதான். வேற மாநிலத்துல யாரையோ ஏமாத்தி எடுத்த பணம், பல அக்கவுன்ட் தாண்டி யாரோ ஒருத்தர் கைக்கு வந்திருக்கு. அவர் எங்க கடையில 640 ரூபாய்க்கு சாமான் வாங்கியிருக்கார். பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 எண்ணுல புகார் கொடுத்ததும், அந்தப் பணம் போன பாதையில இருந்த அக்கவுன்ட்டை எல்லாம் முடக்கச் சொல்லியிருக்காங்க. அந்தப் பாதையில கடைசியா நின்னது என் சம்பள அக்கவுன்ட்.

640 ரூபாய்க்காக முழு அக்கவுன்ட்டும் பூட்டு. சரிபண்ண மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் சென்னை ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் நண்பர்கள் தயவு. "இது எங்க அப்பா கடை வியாபாரம்"னு நான் எழுதிக் கொடுத்தப்ப, மேனேஜர் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது: "கடைக்கு ஏன் சார் சேலரி அக்கவுன்ட்?"

இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. 2023-ல கேரளாவுல பல சின்ன வியாபாரிகளோட அக்கவுன்ட் இதே மாதிரி சில நூறு ரூபாய் யுபிஐ வரவுக்காக முடங்கினது பெரிய செய்தியாச்சு. க்யூஆர் வெச்சிருக்கிற எந்தக் கடைக்கும் இது வரலாம். ஆனா கடைக்குன்னு தனி அக்கவுன்ட் இருந்தா, கடைப் பணம் மட்டும்தான் மாட்டும். மகனோட சம்பளமும் இஎம்ஐயும் கூடச் சேர்ந்து மாட்டாது.

ஸ்டிக்கர் ஒட்டினா டிஜிட்டல் ஆகிடுமா?

என் கருத்தை நேராவே சொல்றேன். நம்ம ஊர் சின்னக் கடைங்க டிஜிட்டலுக்கு மாறிடுச்சுன்னு எல்லாரும் பெருமையா பேசுறோம். யுபிஐ வந்தது 2016-ல. இன்னிக்கு பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிற அம்மா கூடையிலயும், ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல டீ-ஷர்ட் குவிச்சு விக்கிறவர்கிட்டயும் க்யூஆர் அட்டை இருக்கு. 2020 ஜனவரி 1-லிருந்து யுபிஐக்கு எம்டிஆர் கட்டணம் பூஜ்யம்ங்கிறதால, வியாபாரிக்கு வாங்குறதுல செலவும் இல்லை.

ஆனா மாறினது பணம் வர்ற வழி மட்டும்தான். கடையோட கணக்கு மாறலை. பணம் யார் பேருல வருது, வருஷத்துக்கு எவ்வளவு வருது, அதுக்கு என்ன சட்டம்னு யாரும் அவங்களுக்குச் சொல்லலை. க்யூஆர் கொடுக்க வந்த கம்பெனி ஆளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா வேலை முடிஞ்சது. அரசாங்கத்துக்கு பரிவர்த்தனை எண்ணிக்கை ஏறினா போதும். வீட்டுல படிச்ச பிள்ளைங்க நாம, பத்து நிமிஷத்துல நம்ம க்யூஆரை ஒட்டிட்டு பஸ் ஏறிட்டோம்.

அதுல முதல் தப்பு நம்மளோடதுதான். அதனால என்னென்ன போகுதுன்னு பார்ப்போம்.

1. அப்பாவோட கடன் தகுதி நம்ம ஸ்டேட்மென்ட்ல காணாம போகுது

போன வருஷம் கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க 50,000 ரூபாய் லோன் கேட்டு அப்பா பேங்க்குக்குப் போனார். முத்ரா திட்டத்துல சிசு பிரிவு, 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம தரணும். பேங்க்ல ஆறு மாச ஸ்டேட்மென்ட் கேட்டாங்க. அப்பாவோட பாஸ்புக்ல இருந்தது கேஸ் மானியமும், நான் எப்பவாவது அனுப்புற பணமும் மட்டும்தான். அவரோட அஞ்சு வருஷ வியாபாரம் பூரா என் ஸ்டேட்மென்ட்ல இருக்கு. பேங்க் கண்ணுக்கு அவர் கடையே நடத்தலை!

என்கிட்ட சொல்லாம தண்டல் வாங்கிட்டார். தண்டல் கணக்கு தெரியாதவங்களுக்கு: 10,000 ரூபாய் கடன்னு எழுதுவாங்க, கையில 8,500 தருவாங்க, தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். "1,500 ரூபாதானே"ன்னு தோணும். ஆனா அசல் தினமும் குறைஞ்சுக்கிட்டே வருது, வட்டி முன்னாடியே எடுத்தாச்சு. கணக்குப் போட்டா ஆண்டு வட்டி 120 சதவீதத்துக்கு மேல வருது. நாம கிரெடிட் கார்டு வட்டி 40 சதவீதம்னு வாய் கிழியப் பேசுறோம். அப்பா அதுக்கு மூணு மடங்கு கட்டிக்கிட்டு இருந்தார், அவரோட வருமானத்துக்கான ஆதாரம் என் போன்ல தூங்கிக்கிட்டு இருந்தப்ப.

டிஜிட்டல் வியாபாரத்தால ஒரு சின்னக் கடைக்குக் கிடைக்கிற மிகப் பெரிய லாபம் சில்லறைப் பிரச்சினை தீர்றது இல்லை. "நான் இவ்வளவு வியாபாரம் பண்றேன்"னு காட்ட ஒரு ஆதாரம் கிடைக்கிறதுதான். அந்த ஆதாரத்தை நாமளே அவங்ககிட்டருந்து எடுத்துக்கிறோம்.

2. வருமான வரி: யார் வருமானம் இது?

எங்க கடை கணக்கையே சொல்றேன். தினசரி விற்பனை சுமார் 6,000 ரூபாய். அதுல க்யூஆர்ல வர்றது சுமார் 3,500. வருஷத்துல 350 நாள் கடை திறப்போம். அப்போ க்யூஆர் வரவு மட்டும் 12.25 லட்சம். அது பூரா என் பான் கார்டு மேல.

இந்த வியாபாரம் அப்பா பேருல இருந்தா என்ன ஆகும்? கடை லாபம் வருஷத்துக்கு சுமார் 2.5 லட்சம். புது வரி முறையில 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. அப்பா கட்ட வேண்டியது பூஜ்யம்.

என் பேருல நின்னா? அது என் பணம் இல்லைன்னு நிரூபிக்கிற சுமை என்மேல. நிரூபிக்க முடியலைன்னு வெச்சுக்குவோம். பிரிசம்ப்டிவ் முறைன்னு ஒண்ணு இருக்கு, பழைய சட்டத்துல பிரிவு 44ஏடி. சின்ன வியாபாரிக்கு டிஜிட்டல் வரவுல 6 சதவீதம், ரொக்க வரவுல 8 சதவீதம் லாபம்னு எடுத்துக்கிற வழி. குறைஞ்ச கணக்கான அந்த 6 சதவீதத்தையே போட்டாலும் 12.25 லட்சத்துக்கு 73,500 ரூபாய் லாபம்.

இப்போ உங்க சம்பளம் 12.75 லட்சம்னு வைங்க. 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் போக 12 லட்சம். தள்ளுபடியால வரி பூஜ்யம். இதுல கடையோட 73,500 சேர்ந்தா மொத்தம் 12,73,500. தள்ளுபடி போச்சு. வரி 71,025, செஸ் 2,841, மொத்தம் 73,866 ரூபாய். அதாவது 73,500 லாபத்துக்கு 73,866 வரி! அப்பா பேருல இருந்திருந்தா ஒரு பைசா இல்லை. அதோட, வியாபார வருமானம்னு ஆனதும் நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 போட முடியாது.

3. ஜிஎஸ்டி: புதுச்சேரிக்காரங்க இதை ரெண்டு தடவை படிங்க

இது எனக்கே அக்கவுன்ட் பூட்டுன பிறகு, ஆடிட்டரைப் பார்க்கப் போனப்பதான் தெரிஞ்சது.

யூடியூப்ல எந்த ஜிஎஸ்டி வீடியோ பார்த்தாலும், "சரக்கு விக்கிறவங்க வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு பண்ண வேண்டாம்"னு சொல்லுவாங்க. நானும் அதையே நம்பிக்கிட்டு இருந்தேன். அது தமிழ்நாட்டுக்கு சரி. புதுச்சேரிக்கு அந்த எல்லை 20 லட்சம்.

2019 ஜனவரி 10-ல நடந்த 32-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துல, சரக்கு வியாபாரிகளுக்கான எல்லையை 40 லட்சமா உயர்த்திக்கிறதா, 20 லட்சத்துலயே இருக்கிறதான்னு மாநிலங்களே முடிவு பண்ணலாம்னு விட்டாங்க. அந்த வருஷம் ஏப்ரல் 1-லிருந்து அமல். தமிழ்நாடு 40 பக்கம் போச்சு. புதுச்சேரி, தெலங்கானா, உத்தராகண்ட், சில வடகிழக்கு மாநிலங்கள் 20-லயே நின்னுடுச்சு.

எங்க முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தா கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதே சோப்பு, அதே பிஸ்கட், அதே மாதிரி கடை. அங்க தினம் 10,900 ரூபாய் வித்தாலும் 40 லட்சம் தாண்டாது. இங்க 365 நாளும் தினம் 5,480 ரூபாய் வித்தாலே 20 லட்சம் தாண்டிடும். பஸ்ல ஒரு ஸ்டாப் தூரத்துல சட்டம் பாதியாகுது.

எங்க கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 6,000 x 350 = 21 லட்சம். அப்பா தன் வாழ்க்கையில "ஜிஎஸ்டி எல்லாம் பெரிய கடைக்காரங்களுக்கு"ன்னு சொல்லிக்கிட்டே அந்தக் கோட்டைத் தாண்டிட்டார்.

இதுல இன்னும் மூணு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, வரி இல்லாத சரக்கும் இந்த 20 லட்சத்துல சேரும். பால், காய்கறி, சில்லறையா அளந்து விக்கிற அரிசி இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது. ஆனா சோப்பு, ஷாம்புன்னு வரி உள்ள பொருளும் அதே கடையில விக்கிறீங்கன்னா, மொத்த விற்பனையும் கணக்குல வரும். வரி இல்லாத பொருள் மட்டுமே விக்கிறவங்களுக்கு, உதாரணமா வெறும் காய்கறிக் கடைக்கு, எவ்வளவு வித்தாலும் பதிவு தேவை இல்லை.

ரெண்டு, ஹோட்டல், டிஃபன் கடை, சலூன், டெய்லர் மாதிரி சேவைத் தொழிலுக்கு ரெண்டு பக்கமும் 20 லட்சம்தான்.

மூணு, சைடு பிசினஸ் பண்ற நண்பர்களுக்கு. புதுச்சேரியில இருந்துகிட்டு இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் எடுத்து ஊறுகாயோ, கேக்கோ, சட்டையோ பார்சல்ல அனுப்புறீங்களா? கடலூருக்கு அனுப்பினாலும் அது வேற மாநிலத்துக்குப் போற விற்பனை. பொதுவா சரக்கை வேற மாநிலத்துக்கு விக்கிறதுக்கு இந்த லட்சக் கணக்கே கிடையாது, ஆரம்பத்துலயே பதிவு வேணும். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் நிபந்தனையோட விலக்கு உண்டு. கடலூர்க்காரர் உங்க கடைக்கு வந்து கையில வாங்கிட்டுப் போனா இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கமெல்லாம் தமிழ்நாடு சூழ்ந்த ஊர்ல, ஆன்லைன்ல விக்க நினைக்கிற ஒரு சின்ன வியாபாரிக்கு இது எவ்வளவு பெரிய வேலின்னு யோசிச்சுப் பாருங்க.

"அப்போ க்யூஆரைக் கிழிச்சுடறேன்"

இதை எல்லாம் அப்பாகிட்ட சொன்னதும் அவர் எழுந்து போய் ஸ்டிக்கரைப் பிய்க்கப் போனார். "காசா வாங்கினா எந்தத் தொல்லையும் இல்லைல்ல?"

அவர் பயம் வெறும் பயம் இல்லை. 2025 ஜூலையில கர்நாடகாவுல இதுதான் நடந்துச்சு. வணிகவரித் துறை யுபிஐ விவரங்களை எடுத்து, பதிவு பண்ணாத சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. ஹாவேரியில ஒரு காய்கறி வியாபாரிக்கு நாலு வருஷத்துல 1.63 கோடி பரிவர்த்தனைன்னு சொல்லி சுமார் 29 லட்சம் கேட்டாங்க. காய்கறிக்கு வரியே கிடையாதுன்னு இப்பதான் பார்த்தோம். பெங்களூரு கடைகள்ல க்யூஆரை எடுத்துட்டு "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்"னு அட்டை மாட்டினாங்க. எதிர்ப்பு பெருசானதும், பதிவு பண்ணிக்கோங்க, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம்னு மாநில அரசு இறங்கி வந்துச்சு.

இருந்தாலும் நான் அப்பாவை ஸ்டிக்கரைப் பிய்க்க விடலை. என் காரணங்கள் இவை.

சட்டத்துக்கு ரொக்கமும் விற்பனைதான், யுபிஐயும் விற்பனைதான். 20 லட்சத்துல ரெண்டும் சேரும். க்யூஆரை எடுத்தா விற்பனை குறையாது, கணக்கு மட்டும்தான் மறையும். மறைச்ச கணக்கோட விலை என்னன்னு தண்டல்ல பார்த்தோம்.

வருமான வரியில ரொக்கத்துக்கு 8, டிஜிட்டலுக்கு 6 சதவீதம். அரசாங்கமே டிஜிட்டலுக்குக் கொஞ்சம் சாதகமா வெச்சிருக்கு.

வாடிக்கையாளர் போயிடுவார். சனி, ஞாயிறு பெங்களூர்லயும் சென்னையிலயும் இருந்து வர்ற கூட்டம் பர்ஸே எடுத்துட்டு வர்றதில்லை. தெருப் பசங்களும் அப்படித்தான். "கேஷ் மட்டும்"னு எழுதினா அடுத்த கடைக்கு நடந்துடுவாங்க.

அதனால என் வாதம் இதுதான்: தப்பு க்யூஆர்ல இல்லை. க்யூஆருக்குப் பின்னாடி இருக்க வேண்டிய கணக்கைப் போடாம விட்டதுலதான் இருக்கு.

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி

எல்லாப் பழியையும் அப்பா மேலயும் நம்ம மேலயும் போட்டுட்டுப் போக நான் தயாரா இல்லை. புதுச்சேரி அரசு அந்த 20 லட்சத்தை மறுபடியும் யோசிக்கணும்.

சின்ன யூனியன் பிரதேசம், வரி அடிப்படையும் சின்னது, வருமானம் குறையக் கூடாதுன்னு ஒரு நியாயம் சொல்லலாம். அது எனக்குப் புரியுது. ஆனா 2019-ல அந்த எல்லையை வெச்சப்ப, மளிகைக் கடை வியாபாரம் பெரும்பாலும் ரொக்கம். 21 லட்சமா 15 லட்சமான்னு யாருக்கும் தெரியாது. எல்லை காகிதத்துல மட்டும்தான் இருந்துச்சு. இன்னிக்கு வியாபாரத்துல பாதிக்கு மேல கண்ணாடி மாதிரி தெரியுது. அதுக்கு நடுவுல விலைவாசியும் ஏறியாச்சு. சட்டத்துல ஒரு எழுத்தும் மாறாமலேயே, கண்ணுக்குத் தெரியாம இருந்த ஒரு வரி, தினம் 5,500 ரூபாய் விக்கிற பெட்டிக்கடை வாசலுக்கு வந்து நிக்குது.

க்யூஆர் வெச்சதுக்கு இது தண்டனைன்னு வியாபாரிக்குத் தோணிச்சுன்னா, அவர் ரொக்கத்துக்கே திரும்பிடுவார். அப்புறம் டிஜிட்டல்னு எவ்வளவு விளம்பரம் பண்ணினாலும் வரமாட்டார். 40-க்கு உயர்த்துங்க. அது முடியலைன்னா, வார்டு வார்டா ஒரு முகாம் போட்டு, நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லிக் கொடுங்க.

நாங்க என்ன பண்ணினோம்?

அரசாங்கம் மாறுற வரைக்கும் காத்திருக்க முடியாதுல்ல. ரெண்டு சனிக்கிழமையில முடிச்ச வேலை இது.

1. அப்பா பேருல, அவர் பான் கார்டுல, கடைப் பேரு போட்டு ஒரு கரன்ட் அக்கவுன்ட். அதுக்கு முன்னாடி உத்யம் பதிவு பண்ணினோம். இணையத்துல இலவசம், ஆதாரும் பானும் போதும். பணம் கேட்கிற தனியார் தளத்துல மாட்டிக்காதீங்க. கரன்ட் அக்கவுன்ட் எடுக்கும்போது மினிமம் பேலன்ஸ் எவ்வளவுன்னு மட்டும் நாலு பேங்க்ல கேட்டுட்டு எடுங்க.

2. அந்த அக்கவுன்ட்டோட இணைச்ச வியாபாரி க்யூஆர், கூட ஒரு சவுண்ட்பாக்ஸ். அதுக்கு மாச வாடகை உண்டு, கேட்டுக்கோங்க. பதிலுக்கு "வந்துச்சா" போன் நின்னுடும். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாத்துறதும் நிக்கும்.

3. என் பழைய க்யூஆரைக் கிழிச்சுப் போட்டாச்சு. சும்மா மேல ஒட்டாதீங்க, ஓரம் கிழிஞ்சா பழையது எட்டிப் பார்க்கும்.

4. ஒரு நோட்டு. தினமும் ராத்திரி கடை மூடுறப்ப ரெண்டே எண்: இன்னிக்கு ரொக்கம் எவ்வளவு, க்யூஆர் எவ்வளவு. வரி உள்ள சரக்கு எவ்வளவு, இல்லாதது எவ்வளவுன்னு மாசம் ஒரு தடவை கொள்முதல் பில்லை வெச்சு நான் பிரிக்கிறேன்.

5. ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்துல பதிவு. 1.5 கோடி வரைக்கும் விக்கிற சின்னக் கடைங்களுக்கான எளிய வழி. வியாபாரிக்கு வரி உள்ள சரக்கு விற்பனையில 1 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டணும். எங்களுக்கு வரி உள்ள சரக்கு சுமார் 12.6 லட்சம். அப்போ வருஷத்துக்கு 12,600, மாசம் 1,050 ரூபாய். இதைக் கஸ்டமர்கிட்ட தனியா வாங்கக் கூடாது, நம்ம லாபத்துலருந்துதான். மாசம் 20,000 சம்பாதிக்கிற கடைக்கு இது சும்மா இல்லை, ஒத்துக்கிறேன். கோட்டக்குப்பத்துல கடை இருந்தா இது கட்டவே வேண்டாம்ங்கிற எரிச்சலும் இருக்கு. ஆனா நோட்டீஸ் வந்தா வட்டியும் அபராதமும் சேரும். அந்த பயத்துல தூங்குறதுக்கு இது பரவாயில்லை.

6. பழைய வருஷக் கணக்கு. என் அக்கவுன்ட்ல வந்த கடைப் பணத்தை நான் அப்பாவுக்கும், மொத்த வியாபாரிக்கும் எப்ப எப்ப அனுப்பினேன்னு எடுத்து ஒரு ஃபைல் போட்டேன். அப்பா பேருல பழைய வருஷங்களுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாமான்னு ஆடிட்டர் பார்த்துக்கிட்டு இருக்கார். இதுல யூடியூப் பார்த்து நீங்களா எதுவும் பண்ணாதீங்க, என் வீடியோவும் சேர்த்துத்தான் சொல்றேன். ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்க, அந்த ஃபீஸ் வீண் போகாது.

உங்க வீட்டுல கடை இல்லாம தள்ளுவண்டியோ, சண்டே மார்க்கெட்ல தரைக்கடையோ இருந்தா, பிஎம் ஸ்வநிதி திட்டத்தையும் பாருங்க. முதல் கடன் 15,000, ஒழுங்கா கட்டினா 25,000, அப்புறம் 50,000. வட்டியில 7 சதவீதம் மானியம், டிஜிட்டல்ல வாங்கினா கேஷ்பேக்கும் உண்டு. ஆனா இதெல்லாம் வியாபாரம் பண்றவங்க பேருல அக்கவுன்ட் இருந்தாத்தான் கிடைக்கும். உங்க பேருல இருந்தா இல்லை.

கடைசியா ஒண்ணு

புது அக்கவுன்ட் தொடங்கி ஏழு மாசம் ஆச்சு. போன மாசம் அப்பா அதே பேங்க்குக்கு, ஆறு மாச ஸ்டேட்மென்ட்டோட போனார். முத்ராவுல 50,000 கிடைச்சுது. முதல் வேலையா தண்டல் பாக்கியை முடிச்சுட்டு, மிச்சத்துல செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கார்.

இப்பவும் போன் பண்றார், ராத்திரி கடை மூடினதுக்கு அப்புறம். முந்தாநாள் கூப்பிட்டு, "இந்த மாசம் க்யூஆர்ல மட்டும் ஒரு லட்சத்து நாலாயிரம்டா, நோட்டுல எழுதிட்டேன்"னார். அஞ்சு வருஷமா அந்த எண் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் கடைக் கணக்கு அவருக்கே தெரியாம நான் வெச்சிருந்தேன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்களா? கல்லாப்பெட்டி மேல இருக்கிற க்யூஆரை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. உங்க பேரு வந்துச்சுன்னா, திங்கட்கிழமை லீவு போட்டுட்டு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கிட்டு பேங்க்குக்குப் போங்க.